காந்த மருந்தும் ஒரு மருமகனும்

“அப்பா, கால் வலிச்சா மாத்திரையை வாயிலதானே போடறோம்? கால் எங்க இருக்குன்னு அதுக்கு யார் சொன்னா?”

இன்ஸ்பெக்டரின் மகள், பால் பற்கள் விழத் தொடங்கிய வயதில், வாய் நிறைய பற்பசை நுரையோடு கேட்ட கேள்வி இது.

அப்பா யோசித்தார். மீசையைத் தடவினார். தன் முழுத் திறமையையும் திரட்டிப் பதில் சொன்னார்.

“ம்.”

அவர் அப்படித்தான். தலையசைத்தால் போதும் என்கிற இடத்தில் வாயைத் திறக்க மாட்டார். காவல் நிலையத்தில் அவருக்குப் பின்னால் வழங்கிய பெயர் ஊமைக்கோட்டான். அது அவருக்கும் தெரியும். அதைப் பற்றியும் அவர் ஒன்றும் சொன்னதில்லை.

குழந்தைக்குப் பதில் சமையலறையிலிருந்து வந்தது. மாமியார்.

“அது பாசஞ்சர் வண்டிடி கண்ணு. எல்லா ஸ்டேஷன்லயும் நின்னு, வயித்தை ஒரு இடி, தலையை ஒரு இடி இடிச்சுட்டு, கடைசியா காலுக்குப் போய்ச் சேரும்.”

மாமியார் முப்பது வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். குரலுக்கு யாரால் ஓய்வு கொடுக்க முடியும்? சாப்பாடு தயாரானால் கூட, வீட்டில் இருக்கும் மூன்று பேரையும் “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்றுதான் கூப்பிடுவார்.

அந்தக் குரலுக்குத்தான் ஆபத்து வந்தது.

கழுத்தின் இடப்பக்கம் ஒரு கட்டி... புற்று.

*

டெலிபோன் அலறியது.

காவல் நிலையத்தில் காலை டீ இன்னும் ஆறவில்லை. இன்ஸ்பெக்டர் ரிசீவரை எடுத்தார்.

“ம்.”

“என்னங்க...” மனைவியின் குரல். “அம்மாவோட மருந்தைக் காணோங்க. யாரோ திருடிட்டாங்க.”

டீ டம்ளர் மேஜையில் கவிழ்ந்தது.

அடுத்த கணம் ஜீப் ஆஸ்பத்திரியை நோக்கிப் பறந்தது. பக்கத்தில் கான்ஸ்டபிள். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்தான் பாக்கி என்பதால், அவர் நாக்கு ஏற்கெனவே ஓய்வு பெற்று, கட்டுப்பாடு இல்லாமல் திரிந்துகொண்டிருந்தது.

“சார்... தப்பா நினைக்கக் கூடாது. சட்டப்படி பார்த்தா முதல் சந்தேக நபர் நீங்கதான்.”

“ம்?”

“மாமியார் பேச்சு நின்னா யாருக்கு லாபம்? மருமகனுக்கு. என் மாமியாரா இருந்திருந்தா நானே என்னைக் கைது பண்ணி, நானே ஜீப்புல ஏத்தியிருப்பேன்.”

இன்ஸ்பெக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“சரி, நீங்க இல்லைன்னே வெச்சுக்குவோம்” என்றார் கான்ஸ்டபிள்.

*

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி. கோடியில் ஆய்வுக்கூடம். அதற்கு அடுத்த கதவு சிகிச்சை அறை. ஆய்வுக்கூடக் கதவில் சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை: ‘காந்தம் உள்ளே வரக் கூடாது.’

உள்ளே ஆராய்ச்சி டாக்டர் நாற்காலியில் இடிந்து போய் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுப் பெண். அழுத கண்கள். கன்னத்தில் கட்டம் கட்டமாக ஏதோ தடம்.

மேஜை மேல் ஐஸ் நிரப்பிய தட்டு. நடுவில் ஒரு சிறு குழி. குழியில் ஒன்றும் இல்லை.

“இதுலதான் இருந்துச்சு” என்றார் டாக்டர். “சுண்டுவிரல் அளவு குப்பி. உடையாம இருக்க மேல எஃகு உறை. உள்ள கறுப்பா, பேனா மை மாதிரி.”

“அந்த மையில அப்படி என்ன இருக்கு டாக்டர்?” கான்ஸ்டபிள் கேட்டார்.

“ஒரு தலைமுடியை ஆயிரம் கூறு போட்டா ஒரு கூறு எவ்வளவு இருக்கும்? அந்த அளவு இரும்புத் துகள். கோடிக்கணக்குல. ஒவ்வொண்ணு மேலயும் புற்றுநோய் மருந்தைப் பூசியிருக்கோம். கழுத்துக்குப் போற ரத்தக்குழாய்ல அதை ஏத்திட்டு, கட்டிக்கு மேல ஒரு காந்தப் பட்டையைக் கட்டிடுவோம். காந்தம் இழுத்துப் பிடிச்சுக்கும். மருந்து கட்டியிலயே தங்கிடும்.”

“மத்த இடத்துக்குப் போகாதா?”

“பெரும்பாலும் போகாது. சாதாரண மருந்துன்னா ஒரு கொசுவுக்காக வீடு முழுக்கப் புகை போடற மாதிரி. கொசு சாகும். வீட்டுக்காரனும் இருமுவான்.”

“காணாம போனா வேற செஞ்சுக்கலாமே?”

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

“செய்ய ஆறு வாரம் ஆகும். கட்டி ஆறு வாரம் காத்திருக்காது. இந்தக் குப்பிக்கும் இன்னிக்கு மதியம் வரைக்கும்தான் வீரியம். இது கிடைக்கலைன்னா அறுவை சிகிச்சைதான். கட்டி குரல்வளையோட ஒட்டிக்கிட்டு இருக்கு. எடுத்தா... ரெண்டையும் சேர்த்துத்தான் எடுக்கணும்.”



உயிர் பிழைக்கும். குரல் பிழைக்காது.

ரயில் நிலையத்தில் ஆயிரம் பேருக்கு வழி சொன்ன குரல். வீட்டில் மூன்று பேரைத் தூங்க விடாத குரல். கடவுள் சிலருக்குக் கைநிறையக் கொடுக்கிறார், சிலருக்கு வாய்நிறையக் கொடுக்கிறார். கொடுத்ததை அவர் இவ்வளவு சீக்கிரம் திருப்பிக் கேட்பார் என்று இன்ஸ்பெக்டரால் நம்ப முடியவில்லை.

“யார் உள்ள வந்தாங்க?” என்றார்.

“யாரும் வரலை சார். நான் இங்கயேதான் இருந்தேன். குப்பி மேல வெச்ச கண்ணை எடுக்கவே இல்லை.”

இன்ஸ்பெக்டர் டாக்டரின் கன்னத்துத் தடத்தைப் பார்த்தார். பிறகு மேஜை மேலிருந்த கம்ப்யூட்டர் கீபோர்டைப் பார்த்தார்.



*

வராந்தாவில் ஒரு நர்ஸ் எதிர்ப்பட்டார்.

“நீங்க போலீஸா? நல்லதாப் போச்சு. என் கத்தரிக்கோலையும் காணோம்.”

“அம்மா, நாங்க கொஞ்சம் பெரிய கேஸ்ல இருக்கோம்” என்றார் கான்ஸ்டபிள்.

“எனக்கு அதான் பெரிய கேஸ். கட்டுப் போடற துணியைப் பல்லாலயா கடிக்கிறது?”

பெஞ்சில் ஒரு மருந்துக் கம்பெனிக்காரர். மடியில் குண்டாக ஒரு பை. அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார், பெற்ற பிள்ளையைப் போல. போன வாரம்தான் இந்த மருந்தின் செய்முறையை விலைக்குக் கேட்டு, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனவர்.

கான்ஸ்டபிளின் கண்கள் மின்னின.

“பையைத் திறங்க.”

“வேண்டாங்க... அதுல சொந்த விஷயம் இருக்கு.”

“திருட்டுல சொந்தம் ஏது, பந்தம் ஏது? திறங்க.”

பை திறந்தது.

ஒரு குடை. ஒரு ஜோடி காலுறை. பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். கடைசியாக, வாயால் ஊதிப் பெரிதாக்குகிற ஒரு தலையணை.

“டாக்டருங்க வாசல்ல காத்துக் கிடக்கிறதே என் பொழப்பு சார்” என்றார் கம்பெனிக்காரர், காது சிவந்து. “கழுத்து வலி தாங்கலை. அதான்.”

“சரி... நீங்க இங்க உக்காந்திருந்தப்போ ஆய்வுக்கூடத்துக்குள்ள யார் போனா?”

“கண்ணாடி போட்ட உதவியாளர் வெளிய போனார். திரும்பி வந்தார்.”

“நடுவுல?”

“நடுவுல...” அவர் தலையணையைக் குற்றம் சாட்டுவதுபோல் பார்த்தார். “இது வேலை செஞ்சுடுச்சு சார். கொஞ்சம் அசந்துட்டேன்.”

“இருந்த ஒரு சாட்சியும் காத்துல போச்சு” என்றார் கான்ஸ்டபிள்.

*

கண்ணாடி போட்ட உதவியாளர் ஆய்வுக்கூடத்தின் மூலையில் நின்றுகொண்டிருந்தார். கேள்வி கேட்பதற்கு முன்பே மூக்கை உறிஞ்சினார்.

“நான் எடுக்கலை சார். கேன்டீனுக்குத்தான் போனேன். டாக்டர் நேத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. மருந்தை ராத்திரி முழுக்க ஒத்தை ஆளா நின்னு கலந்தாங்க. அதான் ரொட்டியும் பாலும் வாங்கப் போனேன்.”

“ரொட்டி எங்க?”

“பயத்துல நானே தின்னுட்டேன் சார்.”

கான்ஸ்டபிள் பலமாகத் தலையாட்டினார். மனிதர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்த வரையில் இது நம்பத்தகுந்த வாக்குமூலம்.

இன்ஸ்பெக்டரின் பார்வை நாற்காலியில் நின்றது. அதன் முதுகில் டாக்டரின் வெள்ளைக் கோட்டு கிடந்தது. சுவரில் கோட்டு மாட்டும் கொக்கி காலியாக இருந்தது.

“டாக்டர்... நீங்க தூங்கினீங்க.”

கேள்வி இல்லை. ஐயமும் இல்லை.

டாக்டரின் முகம் வெளுத்தது. கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

“கொஞ்ச நேரம்தான் சார்... தலையை இப்படிச் சாய்ச்சேன். எப்படித் தூங்கினேன்னே தெரியலை. மேலிடத்துக்குத் தெரிஞ்சா ஆராய்ச்சியையே மூடிடுவாங்க. அதான் பொய் சொன்னேன். மன்னிச்சுடுங்க.”

“கோட்டைப் போர்த்தினது?”

“அது... தம்பிதானே போர்த்திவிட்டது?”

உதவியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இல்லை டாக்டர். நான் வந்தப்பவே போர்த்தியிருந்துச்சு. நீங்க எடுத்துப் போர்த்திக்கிட்டீங்கன்னு நினைச்சேன்.”



“திருடன் வந்திருக்கான்” என்றார் கான்ஸ்டபிள் மெதுவாக. “மருந்தை எடுத்திருக்கான். போறப்போ டாக்டருக்குக் குளிருமேன்னு போர்த்திட்டுப் போயிருக்கான். என் சர்வீஸ்ல இப்படி ஒரு நல்ல திருடனைப் பார்த்ததில்லை சார். கிடைச்சா கையெழுத்து வாங்கணும்.”

இன்ஸ்பெக்டர் வராந்தாவுக்கு வந்தார். அடுத்த அறையின் கதவைத் தள்ளினார்.

*

மாமியார் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில், கை கனத்துக்குப் பஞ்சு சுற்றிய காந்தப் பட்டை. ஒத்திகைக்காகக் காலையிலேயே கட்டிவிட்டார்கள். அதன் மேல் தோளோடு சேர்த்து ஒரு தடித்த சால்வை. பக்கத்தில் அவர் மகள், இன்ஸ்பெக்டரின் மனைவி, அழுது வீங்கிய முகத்தோடு.

“வாங்க மாப்பிள்ளை. உக்காருங்க. திருடன் கிடைச்சானா? கிடைக்கலைன்னா விடுங்க. உங்களுக்கும் இனிமே நிம்மதியாச் சாப்பிட ஒரு வழி பிறக்கும்.”

“அம்மா, சும்மா இரும்மா” என்றாள் மகள்.

“சும்மா இருக்கத்தான்டி போறேன். நாளையிலேர்ந்து. அதுக்குள்ள இருக்கிறதையெல்லாம் பேசித் தீர்த்துடறேன்.”

சிரித்தார். சிரிப்பு முடிகிற இடத்தில் குரல் லேசாக உடைந்தது. சால்வை நுனியை விரலில் சுற்றிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“காலையிலேர்ந்து என்ன நடந்துச்சு அத்தை?”

கேட்க வேண்டியதுதான் தாமதம்.

“காலையில எழுந்தேன். வெந்நீர் சூடு பத்தலை. உங்க பெண்டாட்டி என் செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டா. லிஃப்ட்ல ஒருத்தர் ஏழு தடவை தும்மினார், ஒரு தடவைகூட வாயைப் பொத்தலை. நர்ஸ் பொண்ணு வந்து பட்டையைக் கட்டினா. கட்டறப்பவே அவ கொண்டை ஊசி ரெண்டு பறந்து வந்து இதுல ஒட்டிக்கிச்சு, ஒரே சிரிப்பு. இவ முகம் கழுவப் போனா. அப்புறம்... டாக்டர் பொண்ணு கத்தினா. இப்ப நீங்க வந்துட்டீங்க.”



பதினான்கு வருடமாக இன்ஸ்பெக்டர் இந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பேசாதவனுக்கு ஆண்டவன் கொடுத்த கூலி, காது. தும்மலைக்கூட எண்ணிச் சொல்கிறவர். ஒரு சின்ன ஊரைக்கூட விடாமல் அறிவித்துப் பழகியவர். அப்படிப்பட்டவர், மகள் முகம் கழுவப் போனதற்கும் டாக்டர் கத்தியதற்கும் நடுவில் ஒரு ஸ்டேஷனை அப்படியே தாண்டிவிட்டார்.

மாமியார் எதைச் சொல்ல மாட்டார்?

தன்னைப் பற்றி எல்லாம் சொல்வார். அடுத்தவரைக் காட்டிக்கொடுக்கிற ஒன்றைத்தான் சொல்ல மாட்டார்.

“அத்தை... தூங்கிட்டிருந்த டாக்டருக்குக் கோட்டைப் போர்த்தினது நீங்கதானே?”

மாமியார் வாய் திறந்தது. மூடியது.

மகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அம்மாவின் வாய் தானாக மூடி அவள் பார்த்ததில்லை.

“மெதுவாப் பேசுங்க மாப்பிள்ளை” என்றார் மாமியார், கதவைப் பார்த்தபடி. “பாவம் அந்தப் பொண்ணு. எனக்காக ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கா. இவ முகம் கழுவப் போனப்போ, டாக்டருக்கு ஒரு நன்றி சொல்லலாம்னு எட்டிப் பார்த்தேன். ஏசிக் குளிர்ல குறுகிப் போய்த் தூங்கறா. கதவுல என்னமோ எழுதியிருந்துச்சு, எனக்கு மூக்குக் கண்ணாடி இல்லை. உள்ள போய்க் கோட்டை எடுத்துப் போர்த்திட்டு வந்துட்டேன். வேலை நேரத்துல தூங்கினான்னு நான் சொன்னா அவ பொழப்பு என்ன ஆகறது? வாயைத் திறக்க மாட்டேன்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன்.”

“உன் மருந்து போச்சேம்மா” என்று மகள் தேம்பினாள்.

“அதுக்கு அவ பொழப்பையும் கெடுக்கணுமா?”

இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

“பட்டையோடயா போனீங்க?”

“ஆமாம். பின்ன, கழட்டத் தெரியாதே எனக்கு.”

“மேஜைக்கு மேல குனிஞ்சீங்க?”

“குனியாம எப்படிப் போர்த்தறது? அப்பக்கூடக் கழுத்துல சொடுக்குன்னு ஒரு இழுப்பு. இன்னொரு கொண்டை ஊசி போலன்னு விட்டுட்டேன். காலையிலேர்ந்து இதே வேலைதான் இதுக்கு. குளிரா இருந்துச்சு, வந்ததும் சால்வையைப் போர்த்திக்கிட்டேன்.”

இன்ஸ்பெக்டர் சால்வையின் நுனியைப் பிடித்தார். விலக்கினார்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பட்டையின் இடப்பக்கப் பஞ்சில்... இரண்டு கொண்டை ஊசி. ஒரு பேனா மூடி. யாருடையதோ ஒரு பீரோ சாவி. நர்ஸின் கத்தரிக்கோல்.

அவற்றுக்கு நடுவில், எஃகு உறை மின்ன, சுண்டுவிரல் அளவில் ஒரு குப்பி.

மருந்து போக வேண்டிய கழுத்துக்கு, ஊசி இல்லாமலே போய் உட்கார்ந்திருந்தது.

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றினார்.

“சார்... திருட்டுப் பொருளைத் தேடி மூணு மாடி ஏறினோம். அது உங்க மாமியார் கழுத்தைக் கட்டிக்கிட்டுக் கதை கேட்டுக்கிட்டு இருந்திருக்கு.”

*

டாக்டர் குப்பியை எஃகு உறையிலிருந்து உருவி வெளிச்சத்தில் பிடித்தார். எல்லோர் முகமும் வாடியது.

ஒருபக்கச் சுவரில் கறுப்பாக ஒரு கட்டி. மீதி வெறும் தண்ணீர்.

“காந்தம் இழுத்து ஒரே இடத்துல சேர்த்துடுச்சு” என்றார். “கலையலைன்னா... ஏத்த முடியாது.”

தண்ணீரை அதிரவைக்கும் ஒரு சிறு தொட்டியில் குப்பியை இறக்கினார். தொட்டி ரீங்காரமிட்டது. சுவர்க் கடிகார முள் மதியத்தை நோக்கி நகர்ந்தது. கம்பெனிக்காரர்கூடத் தலையணையோடு எழுந்து வந்து, எட்டி நின்று கைகூப்பிக்கொண்டிருந்தார்.

கறுப்புக் கட்டியின் ஓரம் மெல்லப் புகைந்தது.

ஒரு இழை. இன்னொரு இழை...

பிறகு குப்பி முழுவதும் பேனா மை.

டாக்டர் ஒரு சொட்டை எடுத்துக் கருவியில் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது.

“ஒண்ணும் ஆகலை. ஊசியைத் தயார் பண்ணுங்க.”

கண்ணாடி உதவியாளர் ஓடினார். ஓடுகிற வழியில் நர்ஸிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தார். அந்தப் பெரிய கேஸும் முடிந்தது.

*

மருந்து ஏறியது. பட்டை மறுபடி கழுத்தில் ஏறியது.

“ஒரு மணி நேரம் அசையக் கூடாது, பேசக் கூடாது” என்றார் டாக்டர். “மயக்கமா இருக்க ஒரு ஊசி போட்டிருக்கேன். யாராவது ஒருத்தர் மட்டும் பக்கத்துல இருங்க.”

“நான் இருக்கேன்” என்றார் இன்ஸ்பெக்டர். மனைவியைச் சாப்பிட அனுப்பினார். கான்ஸ்டபிளை ஜீப்புக்கு அனுப்பினார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் சரியாக விழுந்ததா என்று இழுத்தும் பார்த்துக்கொண்டார்.

கட்டிலில் மாமியார், கண் மூடி, சத்தமில்லாமல். அந்த அறையில் அப்படி ஒரு அமைதி இருக்கக் கூடாது.

பல வருடத்துக்கு முன் ஒருநாள், திருடனைத் துரத்தி மாடியிலிருந்து விழுந்தவர் இன்ஸ்பெக்டர். தலையில் அடி. நினைவில்லை. பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், காதில் விழுந்தாலும் விழும் என்றார்கள் டாக்டர்கள். மனைவி கைக்குழந்தைக்காரி. வந்து உட்கார்ந்தவர் மாமியார். அடுத்த வீட்டுச் சண்டை, தக்காளி விலை, சம்பந்தி வீட்டுக் குறை என்று, கண் விழிக்கும்வரை இடைவிடாமல் பேசினார். காதில் விழுந்தது. அந்த இருட்டில் இன்ஸ்பெக்டர் பிடித்துக்கொண்டு ஏறிவந்த கயிறு அது ஒன்றுதான்.

அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மாமியாரிடமும்.

ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்துப் போட்டார். தொண்டையைக் கனைத்தார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார், குற்றம் செய்யப் போகிறவரைப் போல.

“அத்தை...” என்று ஆரம்பித்தார். “எதிர்வீட்டுக்காரர் நேத்து ஒரு ஸ்கூட்டர் வாங்கியிருக்கார். ஓட்டத் தெரியாது. தள்ளிக்கிட்டே ஆபீஸ் போறார்...”

அப்புறம் நிற்கவில்லை. சைக்கிள் திருடப் போய், பூட்டைத் திறக்க முடியாமல் சொந்தக்காரனையே உதவிக்குக் கூப்பிட்டவன் கதை. கான்ஸ்டபிளின் குறட்டை. தக்காளி விலை. தன் அம்மாவிடம் என்ன குறை என்பதைக்கூட, நியாயமாக, ஒன்றிரண்டு சொன்னார். தொண்டை வறண்டது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஒரு மணி நேரமும்.

கதவு தட்டும் சத்தம் கேட்டதும் சட்டென்று வாயை மூடிக்கொண்டு, எழுந்து தாழ்ப்பாளைத் திறந்தார்.

மனைவி உள்ளே வந்தாள். பின்னால் டாக்டர். பட்டையை அவிழ்த்தார்கள்.

“இப்ப பேசலாம்மா. மெதுவா.”

மாமியார் கண் திறந்தார். மருமகனை ஒரு கணம் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். குரல் கரகரத்தது. ஆனால் முழுதாக வந்தது.

“ஏன்டி, காவலுக்கு உன் புருஷனையா விட்டுட்டுப் போனே? ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை பேசலைடி மனுஷன். சுவத்துக்குப் பக்கத்துல படுத்திருந்தாகூட ஒரு பல்லியாவது சத்தம் போட்டிருக்கும்.”

பச்சைப் பொய்.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பொய்ச் சாட்சியைக்கூடத் தப்பவிடாத இன்ஸ்பெக்டர், தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, போதிய ஆதாரம் இல்லை என்று அந்த வழக்கை அங்கேயே மூடினார்.